அளவுடையாள் குற்றம் சொல்வதில்லை

பூ வைத்த பொருளை நிறுக்கக் கூடாது என்றோ, நிறுக்கிற பொருளுக்குப் பூ வைக்கக் கூடாது என்றோ எங்கள் பெரியப்பா ஏதோ சொல்வார். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சொல்வார். வாய் நிறையப் பொரிகடலையை வைத்துக்கொண்டு சொல்வார் என்பதால் பாதிதான் காதில் விழும், மீதிப் பாதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கொம்பன்புதூர் கரண்ட் ஆபீசில் அந்த வருஷம் நடந்தது நடந்துதான் இருக்கும். ஏனென்றால் போர்மேன் இசக்கிப்பாண்டியின் கையில் ஒரு கிண்ணம் சந்தனத்தைக் குழைத்துக் கொடுத்துவிட்டால், அது தீருகிற வரைக்கும் கண்ணில் படுகிற எதற்கும் பொட்டு வைக்காமல் அவரால் நிற்க முடியாது: ஏணிக்கு வைப்பார், குறட்டுக்கு வைப்பார், ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்கும் வைப்பார், ஒருமுறை டீக்கடைக்காரரின் தூக்குவாளிக்கும் அதற்கு மறுமுறை உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனுக்கும் வைத்திருக்கிறார்.

அவர் பொட்டு வைக்காத பொருள் அந்த ஆபீசில் ஒன்றே ஒன்றுதான். பின்கட்டில் மீட்டர் சோதிக்கிற அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஸ்டாண்டர்டு மீட்டர். வெளியூர்களில் தட்டு சுற்றுகிற மீட்டரெல்லாம் ஒழிந்த பிறகும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அதுதான் இருந்தது. யார் வீட்டு மீட்டர் மேல் சந்தேகம் வந்தாலும் அதைக் கழற்றிக் கொண்டுவந்து இந்தத் தாய் மீட்டரின் பக்கத்தில் மாட்டி, இரண்டுக்குள்ளும் ஒரே கரண்டை விட்டு, இது இவ்வளவு காட்டும்போது அது எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பார்கள். இது சொல்வதுதான் சரி, இதிலிருந்து விலகியதெல்லாம் பிழை. அதைத் தொடுகிற உரிமை உதவிப் பொறியாளர் ஆவுடைநாயகத்துக்கு மட்டுமே இருந்தது.

மீட்டர் சோதிப்பதில் ஆவுடைநாயகம் தனி வகை. மீட்டர் கொஞ்சம் சாய்ந்து தொங்கினாலே தட்டு சோம்பிச் சுற்றும் என்று நூலில் பித்தளைக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்ப்பார். முனைத் திருகு நூலளவு தளர்ந்திருந்தாலும் கணக்குக் கெடும் என்று ஒவ்வொன்றையும் தன் கையால் முறுக்குவார். உள்ளே போகிற வயரும் வெளியே வருகிற வயரும் இடம் மாறியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போவார். சூடேறி நிதானத்துக்கு வருவதற்கு முன்னால் கேட்டால் எந்த மீட்டரும் உளறும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். காந்தம் கிட்டத்தில் இருக்கக் கூடாது என்று இசக்கிப்பாண்டியின் ரேடியோவை மரத்தடிக்கு நாடுகடத்துவார். ஓரமாக நின்று பார்த்தால் கோடு தள்ளித் தெரியும் என்று மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி நேருக்கு நேர் நிற்பார்.

"மீட்டர்ல இருக்க தப்பைவிடச் சோதிக்கவன்கிட்ட இருக்க தப்புதான்வே ஜாஸ்தி" என்பார்.

அந்த வருஷம் ஆயுத பூசையன்று அவர் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கோவில்பட்டிக்குப் போய்விட்டார். இசக்கிப்பாண்டியின் கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது.

மறுநாளிலிருந்து கொம்பன்புதூரில் பிழையான மீட்டரே இல்லை. எறும்பு புற்றுக் கட்டிய மீட்டர் வந்தது, சரியாகக் காட்டியது. வெள்ளத்தில் மூழ்கிச் சேற்றோடு எடுத்த மீட்டர் வந்தது, சரியாகக் காட்டியது. தட்டே வளைந்து, சுற்றும்போது உரசி உரசி நிற்கிற ஒரு மீட்டர் வந்தது. அறைக்குள் நுழைந்து ஸ்டாண்டர்டு மீட்டரின் பக்கத்தில் மாட்டியதும், பெரியவர்கள் முன்னால் காலை மடக்கி உட்காருகிற மாப்பிள்ளை மாதிரி, வளைவையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு ஒழுங்காகச் சுற்றியது.

ஆவுடைநாயகம் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார், திருகுகளை முறுக்கிப் பார்த்தார், வயர்களை மாற்றிப் பார்த்தார், ரேடியோவை மரத்தடியிலிருந்து இன்னும் தள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிப் பார்த்தார்.

"ஒரு மீட்டர் சரியா இருந்தா சந்தோசம்வே. வாரதெல்லாம் சரியா இருந்தா எங்கயோ இடிக்குது."

இசக்கிப்பாண்டி தலையைச் சொறிந்தார். "சார், சின்னதா ஒரு பொட்டு."

"எங்க?"

"எல்லாத்துக்கும் வச்சோம். அது மட்டும் மூளியா நின்னுது. மனசு கேக்கல. ஒரு செவ்வந்தியும் வச்சேன், பொய் சொல்லக் கூடாது."

ஆவுடைநாயகம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் தடமில்லாமல் துடைத்தார். பொட்டு போயிற்று, அருள் போகவில்லை. மேலிடத்துக்கு எழுதினார், மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி அதைவிடப் பெரிய ஸ்டாண்டர்டு ஒன்றை மெத்தை தைத்த பெட்டியில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சொல்லாகச் சொல்லின. பிழையே இல்லாத ஊர் என்று பாராட்டிவிட்டு, வடை சாப்பிட்டுவிட்டு, அதிகாரி போனார்.

செய்தி டீக்கடைக்கு வந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரு கருவியை ஆயுசுக்கும் சரி தப்பு பார்க்க வைத்தால் அதற்கும் ஒருநாள் அலுத்துப் போகும், அலுத்துப் போனால் மனசு இளகும், இதிலென்ன அதிசயம் என்று பேசிக்கொண்டார்கள். முதலில் அரிசிக்கடைக்காரர் தன் தராசைத் தூக்கிக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வைத்ததும் தட்டுகள் இரண்டும் சமமாக நின்றன, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பிறகு கம்பவுண்டர் பிரஷர் பார்க்கிற மிஷினோடு போனார். பள்ளிக்கூட மணியடிக்கிறவர் கடிகாரத்தோடு போனார். கடிகாரக் கடைக்காரர் தொழில் போயிற்றே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு கரண்ட் ஆபீஸ் வாசலில் தேங்காய் பழத் தட்டுக் கடை போட்டார்.

ஆணா பெண்ணா என்று கொஞ்ச நாள் தகராறு நடந்தது. குங்குமம் ஏற்றுக்கொண்டதால் பெண்தான் என்றார் இசக்கிப்பாண்டி. எல்லாவற்றையும் அளந்து வைத்திருக்கிறவள் என்பதால் அளவுடையாள் என்று பெயரும் அவரே வைத்தார். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் வரை தரிசனம், மற்ற நேரம் ஆபீஸ் வேலை என்று ஆவுடைநாயகத்தைக் கேட்காமலேயே ஒரு ஏற்பாடு வந்தது. அவர் கத்திப் பார்த்தார். கும்பிட வருகிறவர்கள் அவரையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கருவிகள் தீர்ந்த பிறகு மனிதர்கள் தங்களையே கொண்டுபோக ஆரம்பித்தார்கள். வாய்க்கால் வரப்புக்காகப் பேச்சை நிறுத்தியிருந்த பங்காளிகள் போய் நின்றார்கள், இரண்டு பேர் சொல்வதும் சரி என்று ஆயிற்று. மாமியாரும் மருமகளும் போனார்கள், இரண்டு பேரும் சரி. கணக்குப் பரீட்சையில் தோற்றவன் விடைத்தாளைக் கொண்டுபோய்க் காட்டினான், ஏழெட்டு ஐம்பத்தாறாகவும் அறுபத்துமூன்றாகவும் சமாதானமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்திருந்த நானும் போனேன். இரண்டு மொழியில் படித்து இரண்டிலும் அரைகுறையாக யோசிக்கிற ஆள் என்று என் மனைவி சொல்வதை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், இரண்டும் முழுசு என்று ஆயிற்று, பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.

அதுதான் அதிலிருந்த சிக்கல். அளவுடையாளின் கண் பார்வையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைக் கடந்துவிட்டால், தராசு பழையபடி கடைக்காரர் பக்கம் சாயும், கடிகாரம் பழையபடி பிந்தும், பங்காளிகளுக்கு வரப்பு ஞாபகம் வந்துவிடும். அதையும் ஊர் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த செவ்வாய் எங்கே போய்விடப் போகிறது?

இப்படி எல்லோரும் சரியாக இருந்த ஊரில் ஒரே ஒருத்திதான் தப்பாக இருந்தாள். தெற்குத் தெருவில் மாவு மில் வைத்திருந்த செண்பகவடிவு.

அவள் மில்லில் பெல்ட்டைக் கழற்றி வைத்த பிறகும், மெயினை இறக்கிய பிறகும், மீட்டரின் தட்டு தானாக ஊர்ந்துகொண்டே இருந்தது. ஓட்டாத மில்லுக்கு ஓட்டின கணக்கு வந்தது. அதைக் கட்ட மாட்டேன் என்று அவள் நின்றாள். திங்கட்கிழமைக்குள் மீட்டர் பழுது என்று சோதனையில் தெரியாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று நோட்டீஸ் வந்தது. இணைப்புப் போனால் மில் போயிற்று. மில்லோடு போவதானால்கூட அவள் சகித்திருப்பாள். ஆனால் யாருக்கும் தெரியாமல் கள்ளத்தனமாக மில்லை ஓட்டிவிட்டு மீட்டர் மேல் பழி போடுகிறாள் என்று தெருவில் பேச்சு ஆரம்பித்திருந்தது.

அவள் மீட்டரோடு சோதனை அறைக்கு வந்தபோது வாசலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றது.

"செருப்பைக் கழத்திட்டுப் போ, செண்பகம்" என்றார் தேங்காய்க் கடைக்காரர்.

"நான் சாமி கும்பிட வரல, அண்ணாச்சி. மீட்டர் பாக்க வந்திருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஆவுடைநாயகம் அன்றைக்கு ஒரு காரணத்தையும் விட்டு வைக்கவில்லை. நூலும் குண்டும், திருகும் வயரும், சூடும் காந்தமும், எல்லாம் பார்த்தார். பிறகு கரண்டை இழுக்க விளக்கோ மோட்டாரோ எதையும் மாட்டாமல் கரண்டை மட்டும் வரவிட்டார். அப்போது தட்டு அசையாமல் நிற்க வேண்டும், ஊர்ந்தால் மீட்டர் பழுது. தட்டு நின்றது. சாமி ஊர்வலம் பார்க்க மொட்டைமாடியில் நிற்கிற மாதிரி நின்றது.

"ஒழுங்கா இருக்கும்மா."

"இங்க நிக்குது சார், மில்லுல ஓடுது. எங்க மாமா இப்படித்தான், ஊர்ப் பெரியாள் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு, வீட்டுக்கு வந்தா பானையைத் தூக்கி எறிவாரு. ஊர்ப் பெரியாளைக் கேட்டா மாமா நல்லவருன்னுதான் சொல்லுவாரு."

"வேற எப்பவாவது மில்லு ஓடியிருக்குமோ?" என்றார் இசக்கிப்பாண்டி, மெல்லமாக.

அவள் திரும்பினாள். "ஏன் அண்ணாச்சி, நான் மிளகா அரைச்சா தெற்குத் தெரு முழுக்கத் தும்மும். அடுத்த தெருவுல பூனை தும்மும். நான் களவாண்டு அரைச்ச அன்னைக்கி எந்த நாயாவது தும்முச்சான்னு கேட்டுட்டு வாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அளவுடையாள் சொல்லியாயிற்று என்பதால் சிரிப்பை அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மில்லிலேயே வைத்துச் சோதித்துவிடலாம் என்று ஆவுடைநாயகத்துக்குத் தோன்றியது. எங்கள் ஊர் மீட்டரை எங்கள் ஊர் ஸ்டாண்டர்டோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது விதி. எங்கே வைத்து ஒப்பிட வேண்டும் என்று விதியில் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் சத்தமில்லாமல் ஜீப்பில் வைத்துக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் திரும்பிவிடுவது என்று இசக்கிப்பாண்டியிடம் மட்டும் சொன்னார். அவ்வளவு பெரிய விஷயத்தைத் தனியாகச் சுமக்க முடியாமல் இசக்கிப்பாண்டி டீக்கடையில் மட்டும் சொன்னார்.

அதனால் அளவுடையாள் சத்தமில்லாமல் புறப்படவில்லை. ஜீப்புக்கு வாழைமரம் கட்டியிருந்தது, நையாண்டி மேளம் வந்திருந்தது, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஆவுடைநாயகம் டிரைவருக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு போனார். வாசலுக்கு வாசல் ஆரத்தி எடுத்தார்கள். ஜீப் கடந்துபோகிற நேரத்துக்கு அந்தந்த வீட்டு மீட்டர்கள் ஒழுங்காக ஓடின, அந்தந்த வீட்டுச் சண்டைகள் ஓய்ந்தன. தபாலாபீசின் சாய்ந்த மதில் நிமிர்ந்து நின்று, வண்டி கண்ணுக்கு மறைந்ததும் ஒரு பெருமூச்சோடு பழையபடி சாய்ந்தது. நொண்டிக்கொண்டே வந்த ஒரு ஆடு நாலு காலில் பத்தடி நடந்துவிட்டு, என்னவோ ஞாபகம் வந்த மாதிரி நொண்டிக்கொண்டது.

மில்லுக்குள் மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் சுவரெல்லாம் படிந்திருந்தன. கூட்டம் தும்மிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தது. ஆவுடைநாயகம் பெட்டியை இறக்கினார், பெல்ட்டைக் கழற்றச் சொன்னார், பீஸ் கட்டையைப் பிடுங்கினார், இரண்டு மீட்டரையும் இணைத்தார். முந்தின நாள் ஆபீசிலிருந்து வந்து மில் சுவரில் ஏறியதிலிருந்து ஊர்ந்துகொண்டிருந்த செண்பகவடிவின் மீட்டர் தட்டு நின்றது.

"பாத்தியா மதினி" என்றார் டீக்கடைக்காரர், "வாசல் தேடி வந்து சொல்லியாச்சு. இனிமேலாவது ஒத்துக்கிடு."

"சரி" என்றாள் அவள். "ஒத்துக்கிடுதேன். அது இருந்தா என் மீட்டர் ஒழுங்கா நிக்குது. அதை இங்கயே வச்சிட்டுப் போங்க."

கூட்டம் ஒரு நிமிஷம் தும்ம மறந்தது.

"அது எப்படி? ஊருக்குப் பொதுவுல்லா."

"ஊருக்குப் பொதுவா இருக்கது எனக்கும் பொதுதான. செவ்வாயும் வெள்ளியும் இங்க வந்து கும்பிடுங்க. மாவும் அரைச்சுத் தாரேன்."

"மிளகாப் பொடியில சாமியை வைக்கவா? சாமி குத்தம் ஆயிரும்."

"அப்ப ரெண்டு பேரு மட்டும் இருங்க. சாமி போன பெறகு நின்னு, இந்தத் தட்டை மட்டும் பாத்துட்டுப் போங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அவளுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அளவுடையாள் ஆபீசுக்குத் திரும்பியதும் சுண்டல் கொடுப்பதாக ஏற்பாடு. மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. இசக்கிப்பாண்டி பெட்டியைத் தலையில் ஏந்திக்கொண்டார், ஊர் அவருக்குப் பின்னால் போயிற்று. ஆவுடைநாயகம் தன்னுடைய நூலையும் குண்டையும் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதைத் திரும்பப் பிரித்தார். மல்லி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"சார் போகலையா?"

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

மேளச் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. தபாலாபீசைத் தாண்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் அது தேய்ந்து மறைந்தபோது, மில்லின் சுவரில் தட்டு சிலிர்த்து, தூக்கத்தில் புரளுகிறவர் மாதிரி ஒரு பக்கமாக நகர்ந்து, பிறகு நிதானமாக ஊர ஆரம்பித்தது. ஆவுடைநாயகம் எழுந்தார். பீஸ் பிடுங்கித்தான் இருந்தது. பெல்ட் தரையில்தான் கிடந்தது. குண்டைத் தொங்கவிட்டார், மீட்டர் நேராக இருந்தது. திருகுகளைத் தொட்டார், இறுக்கமாக இருந்தன. காந்தம் எதுவும் இல்லை. மூக்கு இடிக்கிற தூரத்தில் நேருக்கு நேர் நின்றார். தட்டு ஊர்ந்தது, அதிலிருந்த கறுப்புப் புள்ளி ஒரு ஓரத்தில் மறைந்து மறு ஓரத்தில் வந்தது, வந்து, அவரைப் பார்த்துவிட்டு, மறுபடியும் போயிற்று.

"தெரியுதா சார்?"

"தெரியுதும்மா."

"அப்ப அப்படியே எழுதுங்க."

"எதோட ஒப்பிட்டுப் பாத்தேன்னு எழுதணுமே. ஒப்பிடாம நான் இதுவரைக்கும் ஒரு மீட்டருக்கும் எழுதுனதில்ல."

செண்பகவடிவு செம்பை வாங்கி வைத்துவிட்டு நின்றாள். கோபமாகப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் மாவு விலை சொல்கிற குரலில்தான் பேசினாள்.

"அது எல்லாரையும் மன்னிக்குது சார். நல்ல குணந்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா அது மீட்டரை மன்னிச்சா நாந்தான கள்ளி ஆகுதேன்? மீட்டருக்கு என்ன, அது மன்னிச்சாலும் சுத்தும் மன்னிக்காட்டியும் சுத்தும். எனக்குத் தெருவுல நடக்கணும்."

அவர் நூலையும் குண்டையும் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆபீசுக்கு நடந்தே போனார். வழியில் சுண்டல் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சோதனை அறையின் சன்னலில் டீக்கடைக்காரரும் தேங்காய்க் கடைக்காரரும் அரிசிக்கடைக்காரரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செண்பகவடிவு வாசலில், செருப்புக் காலோடு, படிக்கு வெளியே நின்றாள். இணைப்பைத் துண்டிக்கப் போகிற ஆட்கள் ஏணியோடு மரத்தடியில் காத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அளவுடையாள் யாரையும் குற்றம் சொல்லாத முகத்தோடு இருந்தாள்.

"சார், பழுதுன்னு எழுதப் போறீயன்னு ஊருல பேசிக்கிடுதாங்க" என்றார் இசக்கிப்பாண்டி. "நீங்க எழுதுனா யாரும் கையைப் பிடிக்கப் போறதில்ல. ஆனா ஒப்பிட்ட கருவின்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல அளவுடையாளை எழுத முடியாது, இவ சரின்னுல்லா சொல்லியிருக்கா. வேற கருவி நம்மகிட்ட கிடையாது. காலியா விட்டா மேலிடத்துல திருப்பி அனுப்பிருவாங்க, அதுக்குள்ள இவங்க ஏணியை எடுத்துட்டுப் போயிருவாங்க."

"அதுக்கு அடுத்த கட்டம் என்னவே?"

"கருவியின் பிழை எவ்வளவுன்னு."

"சரியான ஆளு சார் நீங்க" என்றார் சன்னலிலிருந்து டீக்கடைக்காரர், "வந்த சாமியைத் துரத்திராதீங்க."

ஆவுடைநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, செண்பகவடிவின் மீட்டர் பழுது என்று எழுதினார். ஒப்பிட்ட கருவி என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். கருவியின் பிழை என்ற கட்டத்தில் உண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.